சாமர்செட்டில் ஒரு கேரி, கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு கேரி

அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்துக்குள் இரண்டே சொற்கள் இருக்கும்: கேரி ஐலண்ட். ஆறாம் வகுப்பில் ஏதோ பாரம் நிரப்புவதற்காக அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது, “கேரின்னா யாரும்மா?” என்று கேட்டேன்.

“ஏதோ ஒரு தொரை. அவன் தோட்டம், அவன் பேரு. பின்ன உங்க தாத்தா பேரையா வைப்பான்?” என்று சொல்லிவிட்டு, அம்மா வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு வெள்ளைக்காரர் பெயர்கள் ஒன்றும் புதிதல்ல. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் திராவர்ஸ் சாலை வந்துவிடும். துன் சம்பந்தன் சாலையை அப்பா கடைசிவரை ‘பிரிக்பீல்ட்ஸ் ரோடு’ என்றுதான் சொன்னார். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டில் இப்படிப்பட்ட பெயர்கள் பல ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1967-இல் ஜெசல்டன், கோத்தா கினபாலு ஆனது. 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் கிள்ளான் துறைமுகமாக மாறியது. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான். கேரித் தீவுக்குப் பக்கத்துத் தீவுக்குக்கூட விடிவு வந்தது. முன்பு அது பூலாவ் லுமுட். லுமுட் என்றால் பாசி. துறைமுகம் வருகிற இடத்துக்குப் பாசித்தீவு என்று பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும்? பூலாவ் இண்டா, அழகான தீவு என்று மாற்றிவிட்டார்கள். இரண்டு தீவுக்கும் நடுவில் ஓடும் நீரிணைக்கு மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை. அது இன்னும் செலாட் லுமுட்தான்.

இத்தனை மாற்றத்திலும் கேரி மட்டும் அசையாமல் இருந்துவிட்டார். எட்வர்ட் வேலன்டைன் ஜான் கேரி, மலாயாவில் தோட்டம் போட்ட ஆங்கிலேயர். சதுப்பும் கண்டலுமாகக் கிடந்த தீவைத் தோட்டமாக்கும் வேலையில் இறங்கியவர். இன்று சுவெட்டன்ஹாமை வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். கேரியை யாருக்கும் தெரியாது. ஒருவேளை அதனால்தான் அந்தப் பெயர் தப்பித்தது என்று எனக்குத் தோன்றும். காலப்போக்கில் அது ஆளின் பெயராக இல்லாமல், வெறும் இடத்தின் பெயராக மாறிவிட்டது.

இதெல்லாம் என் மண்டையில் ஏறியது இங்கே அல்ல, இங்கிலாந்தில்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வேலை விஷயமாக பிரிஸ்டல் நகரில் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை வேமவுத் கடற்கரைக்கு ரயில் ஏறினேன். ஊர் ஊராக நின்று நின்று போகிற வண்டி. அரைத் தூக்கத்தில் கண் விழித்தபோது சன்னலுக்கு வெளியே பலகை: காசல் கேரி. அம்மாவின் பிறப்புப் பத்திரம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. எழுத்தில் ஒன்று குறைகிறது, ஆனால் பெயர் அதே பெயர். கடற்கரையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்ததால், திரும்பும்போது இறங்கிவிட்டேன்.

கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குப் போகிற இளைஞர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிற நிலையம் அது. விழா இல்லாத நாளில் ஈயாடுகிறது. ஊர் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள். பெயரில்தான் காசல், அதாவது கோட்டை. ஊருக்குப் பின்னால் இருக்கிற குன்றுச் சரிவில் மண்மேடாக அதன் சுவடு மட்டும் மிச்சம். அந்தக் குன்றின் அடியில் ஊற்றுகள். அந்த ஊற்றுத் தண்ணீரில் பிறக்கிறது ஒரு சிற்றாறு. அதன் பெயர்தான் கேரி.

ஆறு என்று சொன்னால் காவிரிக் கரையிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். ஊரை ஒட்டி ஓடுகிற இடத்தில் ஒரு பையன் ஓடி வந்து தாண்டிவிடலாம். நம் தாமானில் மழைக்குப் பின் கால்வாயில் ஓடுகிற தண்ணீர் இதைவிட அதிகம். ஆனால் இந்தச் சின்ன ஓடைக்கு எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். தென்மேற்காகப் போகிற வழியில் பாப்கேரி என்றொரு கிராமம். அப்புறம் கேரி ஃபிட்ஸ்பெயின். லைட்ஸ் கேரி என்றொரு பழைய மாளிகை. லைட் குடும்பத்தாருக்குச் சொந்தமான கேரி என்று அர்த்தம். ஆற்றின் பெயர் ஊருக்குப் போயிற்று. ஊரின் பெயர் அங்கிருந்து கிளம்பிய மனிதர்களுக்குக் குடும்பப் பெயராகப் போயிற்று. பக்கத்து டெவன் மாவட்டத்திலும் தாமர் ஆற்றில் கலக்கிற இன்னொரு சின்ன கேரி ஆறு உண்டு. அங்கேயும் இதே கதை. அயர்லாந்துக் கேரிகளுக்கு வேறு வேர் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் கேரி என்று கையெழுத்துப் போடுகிறவர்களில் பலருடைய பெயருக்குள், இந்த ஓடைகளில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ரசமான விஷயம், ‘கேரி’ ஆங்கிலச் சொல்லே இல்லை. ஆங்கிலம் பேசுகிற சாக்சன்கள் அந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த கெல்ட் மக்கள் வைத்த பெயர் என்கிறார்கள் பெயராய்வாளர்கள். அந்த மக்களின் மொழி வழியில் வந்ததுதான் இன்றைய வேல்ஸ் மொழி. அதில் ‘கரு’ என்றால் நேசிப்பது, ‘கரெக்’ என்றால் கல். பிரியமான ஓடையா, கல்லோடையா என்று இரண்டு பக்கமும் வாதாட ஆள் இருக்கிறது. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, அதற்குக் காரணமெல்லாம் கேட்காதீர்கள்.

வந்தவர்கள் ஊர்களுக்குப் புதுப் பெயர் வைப்பார்கள். ஆறுகளை விட்டுவிடுவார்கள். “இது என்ன?” என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டு, அவர் சொன்னதையே எழுதிக்கொள்வார்கள். சில சமயம் அதிலும் வேடிக்கை நடந்துவிடும். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரில் ஓடுகிற ஏவனை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் மொழியில் ‘அவோன்’ என்றாலே ஆறு என்றுதான் பொருள். ஆக ‘ஏவன் ஆறு’ என்றால் ‘ஆறு ஆறு’. நாமும் சளைத்தவர்களா? ‘சுங்கை லங்காட் ஆறு’ என்று செய்தித்தாளிலேயே பார்த்திருக்கிறேன். ‘ஜாலான் கிள்ளான் லாமா ரோட்டில் பயங்கர ஜேம்’ என்று தினமும் சொல்கிறோம். நடு சென்டர், கேட்டு வாசல் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேரி ஆறு சாமர்டன் என்ற ஊரைத் தாண்டியதும் வடமேற்காகத் திரும்புகிறது. அங்கே நிலம் தட்டையாகி, கடல்மட்டத்தோடு போட்டி போடுகிற சதுப்பு வெளியாகிவிடுகிறது. ஒரு காலத்தில் மழைக்காலம் முழுக்க வெள்ளக்காடாகக் கிடந்த பூமி. 1790-களில் பெரிய வாய்க்கால் ஒன்றை வெட்டி, கேரியை அதற்குள் திருப்பிவிட்டார்கள். வாய்க்காலுக்குப் பெயர் கிங்ஸ் செட்ஜ்மூர் டிரெய்ன். அதற்கு அப்புறம் வரைபடத்தில் கேரி என்ற எழுத்தே இல்லை. தண்ணீர் அதே தண்ணீர், பெயர் மட்டும் வாய்க்காலின் பெயர். அது பிரிட்ஜ்வாட்டர் பக்கத்தில் டன்பால் என்ற இடத்தில், ஒரு மதகு வழியாக பாரட் ஆற்றில் விழுகிறது. அந்த முகத்துவாரங்களில் கடல் ஏறி இறங்குவது உலகத்திலேயே மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் ஒன்று. செவர்ன் முகத்துவாரத்தில் 14 மீட்டர் வரை போகும். மதகு இல்லையென்றால் கடல் உள்ளே புகுந்து சதுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும்.

அந்த மதகைப் பற்றிப் படித்தபோதுதான் தாத்தாவின் நினைவு வந்தது. இரவு அம்மாவுக்கு போன் போட்டு, “தாத்தா என்னம்மா வேலை பார்த்தாரு?” என்று கேட்டேன்.

“தண்ணிக் கதவு பார்த்தாரு. இது தெரியாதா உனக்கு?”

தெரியாது. தாத்தா தோட்டத்தில் வேலை செய்தார் என்று தெரியும். தோட்டத்து வேலை என்றால் பால்மரம் வெட்டியிருப்பார், குலை அறுத்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எழுபது வயது தாண்டிய அம்மா, கல்யாணமாகிப் போன பிறகு தீவுக்குப் போனது இரண்டு மூன்று தடவைதான். அதிலும் கடைசித் தடவை ஒரு சாவுக்கு.

கிள்ளானிலிருந்து பந்திங் சாலையைப் பிடித்தால் தெலுக் பங்லிமா காராங் வருகிறது. அங்கிருந்து வலதுபக்கம் திரும்பி, சோடோய் வழியாகப் போனால் பாலம். பாலத்துக்குக் கீழே லங்காட் ஆறு. காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பால் ஊற்றாத தேத்தண்ணி நிறம். இரண்டு பக்கமும் கண்டல், நிப்பா.

“பெரியாறு” என்றார்.

“லங்காட்மா.”

“லங்காட்டெல்லாம் கிராணி வாயில. லயத்துல எல்லாருக்கும் பெரியாறுதான்.”

இந்த ஆறு வந்த வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிலாங்கூரின் உயரமான சிகரங்களில் ஒன்று நுவாங் மலை, 1,493 மீட்டர். அந்தப் பக்கத்தில்தான் லங்காட் பிறக்கிறது. உலு லங்காட்டில் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளிக்கப் போகிற தெளிந்த தண்ணீர் இதுதான். அங்கேயே ஒரு அணை. கோலாலம்பூர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் இதற்குப் பங்கு உண்டு. பிறகு காஜாங். சாத்தே சாப்பிட்டுவிட்டுப் பாலத்தைக் கடக்கிற யாரும் கீழே குனிந்து பார்ப்பதில்லை. பாங்கி, டிங்கில். வழியில் செமினி ஆறு வந்து சேர்ந்துகொள்கிறது. தாமான்களின் சாக்கடை, ஆலைகளின் கழிவு, கட்டுமான மண் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பந்திங்குக்கு வரும்போது, மலையில் பார்த்த ஆறா இது என்று சந்தேகம் வந்துவிடும்.

பந்திங்குக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஜுக்ரா பக்கமாகக் கடலுக்குப் போகிறது. சுல்தான் அப்துல் சமாட் தன் அரச நகரை 1875-இல் கொண்டுபோய் வைத்த ஜுக்ரா. மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே மணிக்கூண்டோடு நிற்கிற கட்டடம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். அவருடைய கல்லறையும் அங்கே இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற ஜுக்ரா குன்று கடலில் வருகிறவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக அடையாளம். ஐரோப்பிய மாலுமிகளின் பழைய வரைபடங்களில் அதற்குப் பார்சலார் குன்று என்று பெயர். அந்தப் பெயரை இன்று அந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் பார்சல் சாப்பாடு வேண்டுமா என்று கேட்பார்கள். மற்றொரு கிளை வடமேற்காக வளைந்து, கேரித் தீவைச் சுற்றிக்கொண்டு செலாட் லுமுட்டில் கலக்கிறது. பாலத்தடியில் நாங்கள் பார்த்தது இந்தக் கிளையை.

பாலம் தாண்டினால் செம்பனை. கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. அம்மாவின் சின்ன வயதில் பால்மரமும் தென்னையும்கூட இருந்தனவாம். மரங்களுக்கு நடுவே நேர்கோட்டில் வாய்க்கால்கள். வாய்க்கால்கள் பெரிய வாய்க்காலில் சேர்கின்றன, பெரிய வாய்க்கால் கரையை நோக்கிப் போகிறது. கரை என்றால் தீவைச் சுற்றி எழுப்பிய மண் அணை. தோட்டத்து மொழியில் பண்டு. இந்தக் கடற்கரையில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் கடல் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். உச்சத்தில் கடல் நிற்கும்போது, பண்டுக்கு உள்ளே இருக்கிற நிலம் அதைவிடத் தாழ்வு. அப்படியானால் உள்ளே பெய்கிற மழை எப்படி வெளியேறும்?

அதற்குத்தான் தண்ணிக் கதவு. வாய்க்கால் பண்டைத் துளைத்துக்கொண்டு ஆற்றில் விழுகிற இடத்தில், மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட கனமான கதவு. வற்றத்தின்போது உள்ளே இருக்கிற தண்ணீர் தள்ளும், கதவு வெளிப்பக்கமாகத் திறந்து தண்ணீர் போய்விடும். ஏற்றத்தின்போது கடல் தள்ளும், கதவு தானாக மூடிக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். டன்பாலில் கேரி ஆற்றுத் தண்ணீரை வெளியே விட்டுக் கடலை வெளியே நிறுத்துகிற மதகுக்கும் இதே வேலைதான்.

“தானா மூடும்னா தாத்தாவுக்கு என்னம்மா வேலை?”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கட்டை வந்து மாட்டிக்கும். மட்டை வந்து மாட்டிக்கும். ஒரு தேங்கா மாட்டினாக்கூடப் போதும், கதவு மூடாது. உப்புத்தண்ணி விடிய விடிய உள்ள வரும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கடல் ஏறுதுன்னா ரெண்டு மணிக்கு அப்பா அங்க இருக்கணும். பண்டுல நண்டு ஓட்டை போட்டிருக்கும், அதைப் பார்த்து அடைக்கணும். சின்ன ஓட்டைதான். ஒரு பெரிய ஏத்தம் வந்தா அதுல கை நுழையும், அடுத்த ஏத்தத்துல ஆள் நுழையலாம்.”

உப்புத் தண்ணீர் ஏறினால் மரம் வாடும் என்பது யாருக்கும் புரியும். அதன் மறுபக்கம் எனக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்தது. இந்த மாதிரிக் கடலோரச் சேற்று மண்ணில் பல இடங்களில் கந்தகம் கலந்த தாது இருக்கிறது. நீருக்குள் இருக்கும்வரை அது சாது. தண்ணீரை ஒரேயடியாக வடித்து மண்ணை உலர விட்டால், காற்றுப் பட்டு அமிலமாக மாறிவிடும். தண்ணீர் அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. வாய்க்காலில் இவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் புத்தகத்தில் எழுதினது துரையாக இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு லாந்தரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தது சேலம் ஜில்லாவிலிருந்து வந்த ஒருவர்.

தாத்தா 1937-இல், பதினைந்து வயதில் சித்தப்பாவோடு கப்பல் ஏறியவர். அடுத்த ஆண்டே, 1938-இல், உதவித்தொகையோடு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் நான் சேலத்தில் இருந்திருப்பேன் என்று அம்மா அவ்வப்போது சொல்வார். அதில் வருத்தமா நிம்மதியா என்று இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

செம்மண் சடக்கு ஒன்று பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். உள்ளே தோட்டத்து நிலம், அனுமதி இல்லாமல் போகக்கூடாது. சடக்கின் ஓரத்திலேயே ஒரு பெரிய வாய்க்கால் போனது. அம்மா கையை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இது கோயில் வாய்க்கால், ஏனென்றால் இது முனியாண்டி கோயிலைத் தொட்டுக்கொண்டு போகும். அந்தப் பக்கம் போவது பாப்பாத்தி வாய்க்கால். யார் அந்தப் பாப்பாத்தி என்று அம்மாவுக்கும் தெரியாது, அம்மா பிறப்பதற்கு முன்பே பெயர் இருந்தது. இரண்டும் சேர்கிற இடம் கூட்டுத்தண்ணி. அதற்கு அப்புறம் கதவு வரைக்கும் கதவு வாய்க்கால். பண்டுக்கு வெளியே வந்தால் பெரியாறு. பெரட்டுக்களத்தில் தண்டல் வேலை பிரிக்கும்போதே இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் ஆளை அனுப்புவாராம்.

போனில் வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைக்கு நடுவில் நீலக் கோடுகள். எதற்கும் பெயர் இல்லை.

தீவில் பெயர் உள்ள தண்ணீர்கள் வேறு. அவை பூர்வக்குடிகளான மா மேரி மக்களின் கம்பங்கள் இருக்கிற இடங்கள். சுங்கை பும்புன், சுங்கை ஜூடா, சுங்கை ரம்பாய், சுங்கை கூராவ், கெப்பாவ் லாவுட். ஐந்தில் நான்கு ‘சுங்கை’ என்று தொடங்குவதைக் கவனியுங்கள். கூராவ் என்பது நாம் சந்தையில் விலை கேட்டு மலைத்து நிற்கிற அதே மீன், ஊரில் காலா என்பார்கள். பும்புன் என்றால் வேட்டைக்காரர் ஒளிந்துகொள்ளக் கட்டுகிற தழை மறைவு. தாமான் நெகாராவில் விலங்குகளைப் பார்க்க இரவு தங்குகிற பரணுக்கும் அதே பெயர்தான். மா மேரி என்ற அவர்களுடைய பெயருக்கே காட்டு மனிதர் என்று பொருள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அவர்கள் பெசிசி. அவர்களுடைய மொழி மலாய் அல்ல, மோன் கெமர் குடும்பத்தைச் சேர்ந்தது.

சுங்கை பும்புன் கலாசாரக் கிராமத்துக்கும் போனோம். நிரே பத்து என்ற கண்டல் மரத்தில் அவர்கள் செதுக்குகிற முகமூடிகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிவந்த, கனமான மரம். ஒவ்வொரு முகமும் ஒரு மூதாதை ஆவி, அதற்கு ஒரு கதை. முன்னோர் திருநாளான ஹரி மோயாங்கில் இந்த முகமூடிகளை அணிந்து ஆடுவார்கள். மரம் கிடைப்பதுதான் இப்போது பாடு என்கிறார்கள், கண்டல் காடு குறைந்துகொண்டே போகிறது. அங்கே ஒரு வயதான அம்மாள் ஓலையில் பூப் பின்னிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மலாயில் “நான் இங்கே பிறந்தவள்” என்றார். “எங்கே?” “மேற்குத் தோட்டத்தில்.” அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, பின்னிய வெட்டுக்கிளி ஒன்றை அம்மாவின் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

மேற்குத் தோட்டம், கிழக்குத் தோட்டம் என்பதும் கதைதான். கேரி ஃபிட்ஸ்பெயின், லைட்ஸ் கேரி மாதிரி இங்கே கேரி தீமோர், கேரி பாராட். தமிழ்ப் பள்ளிகளின் பலகைகளிலும் அப்படியே. கெல்ட் சொல்லில் தொடங்கி மலாய்ச் சொல்லில் முடிகிற பெயருக்கு அடியில், தமிழில் ‘தமிழ்ப்பள்ளி’ என்று எழுதியிருக்கிறது. கன்னடத்தில் கேரி என்றால் தெரு, குடியிருப்பு. நம்முடைய ‘சேரி’யின் உடன்பிறப்பு. தற்செயல்தான், ஆனால் எங்கள் அலுவலகத்துக் கன்னடத் தோழி ஒருத்தி, உங்கள் ஆட்கள் குடியிருந்த தெருவுக்குப் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது மறுக்க மனம் வரவில்லை.

தோட்டத்தின் உரிமையாளர் பெயரும் சும்மா இருக்கவில்லை. பல காலம் சைம் டார்பி. வில்லியம் சைமும் ஹென்றி டார்பியும் 1910-இல் மலாக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் தோட்டப் பிரிவு 2024-இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அலெக்சாண்டர் கத்ரி 1821-இல் சிங்கப்பூரில் கடை திறந்த ஸ்காட்லாந்து வணிகர். அவர் பெயரில் வளர்ந்த கம்பெனியை 1981 செப்டம்பரில், லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் மலேசியா வாங்கியது பெரிய கதை. அன்று ஊரே பெருமைப்பட்டது. நாற்பது வருடம் கழித்து அந்தப் பெயரை நாமே எடுத்துச் சூட்டிக்கொண்டோம். வாங்கின பொருளைப் பயன்படுத்துவதில் தப்பென்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மதியம் ஆற்றோரக் கடையில் நண்டு சாப்பிட்டோம். கேரித் தீவுக்கு வருகிற பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், நாங்கள் மட்டும் விதிவிலக்கா? கடையில் பக்கத்து மேசையில் துறைமுகப் பேச்சு. தீவில் மூன்றாவது துறைமுகம் வரப்போகிறது என்பது பல வருடமாக அடிபடுகிற பேச்சு. வந்தால் சடக்கு அகலமாகும், நிலம் விலை ஏறும், வேலை கிடைக்கும். வாய்க்கால்களை மூடி மண் மேடு போட வேண்டியிருக்கும். அப்போது தீவுக்குப் புதுப் பெயர் வைப்பார்களா என்று ஒருவர் கேட்க, “பாசித் தீவையே அழகுத் தீவாக்கினவங்க, இதை விடுவாங்களா?” என்றார் இன்னொருவர்.

திரும்பும்போது அம்மா மறுபடியும் அந்தச் செம்மண் சடக்கு முனையில் நிறுத்தச் சொன்னார். கோயில் வாய்க்காலை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். வாய்க்காலின் ஓரத்தில் ஓர் இளைஞன் நீளமான கம்பியால் அடைத்துக்கொண்டிருந்த மட்டைகளை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தான். பங்களாதேஷ்காரன். தோட்டத்தில் நம்மவர்கள் குறைந்துபோய், இப்போது வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிள்ளைகள்தான். வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். மலாய் ஓரளவு பேசினான்.

“இந்தத் தண்ணிக்கு நீ என்ன பேரு சொல்லுவே?” என்று அம்மா மலாயில் கேட்டார்.

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. முதலில் ஏதோ பிளாக் எண்ணைச் சொன்னான். அது சூப்பர்வைசர் சொல்கிற பெயர். அம்மா விடவில்லை. “அது இல்ல. நீங்க, உங்க ஆளுங்க, உங்களுக்குள்ள.”

அவன் கம்பியை ஊன்றி நின்று யோசித்தான். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “கால்” என்றான். “சோட்டோ கால்.”

வங்காளியில் கால் என்றால் வாய்க்கால். சோட்டோ என்றால் சின்னது. நான் இதை அம்மாவுக்கு விளக்கப் போனேன். அதற்குள் அம்மா அவனிடம், இதில் எங்கே அதிகமாக மட்டை மாட்டும், எந்த நாளில் கடல் அதிகம் ஏறும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார். வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோய், மிதந்து வந்த ஓலை ஒன்று போகிற பக்கம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எங்கோ கதவு மூடியிருக்க வேண்டும்.